இன்றைய கிண்ணமா, நாளைய கையிருப்பா?



விளையாட்டும் பணமும் என்றாலே நம் ஊரில் பேச்சு காற்பந்துக்குப் போய்விடும். நான் இன்று அமெரிக்கக் கூடைப்பந்தை எடுத்துக்கொள்கிறேன். காற்பந்தில் வசதி படைத்த அணி, தனக்கு வேண்டிய ஆட்டக்காரரைப் பெரும்பாலும் விலை பேசி வாங்கிவிடலாம். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் அப்படி முடியாது. அங்கே கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனால் ஒவ்வோர் அணியின் நிர்வாகியும் ஆண்டுதோறும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்த ஆண்டே வெல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் செலவழிப்பதா, அல்லது நாளைக்கென்று கொஞ்சம் இடம் விட்டுவைப்பதா?

இது நமக்குப் புதிய கேள்வி அன்று. வீட்டுக்கும் காருக்கும் கட்ட வேண்டிய மாதத் தவணையிலேயே சம்பளம் முழுவதும் கரைந்துவிடும் குடும்பத்தை நாம் பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் வசதியாகத்தான் தெரியும். ஆனால் ஒரு நல்ல வாய்ப்பு கதவைத் தட்டும்போது அதைப் பிடிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. கூடைப்பந்து அணிகளின் நாற்பது ஆண்டு வரலாறும் ஏறக்குறைய இதே கதைதான்.

வரம்பு பிறந்த கதை

1980களின் தொடக்கத்தில் என்பிஏ இன்றுள்ள நிலையில் இல்லை. 1980ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கிண்ணம் வென்ற கடைசி ஆட்டத்தைக்கூட அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்களில் நேரடியாக ஒளிபரப்பவில்லை. பதிவு செய்து இரவு நேரம் கழித்துக் காட்டினார்கள். அப்போதிருந்த 23 அணிகளில் பல நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த நெருக்கடியில்தான் 1983இல் அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். லீக்கின் வருமானத்தில் 53 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்குச் சேரும். அதற்கு ஈடாக, ஓர் அணி மொத்தமாகத் தரும் சம்பளத்துக்கு வரம்பு விதிக்கப்படும். 1984-85 பருவத்தில் அந்த வரம்பு 3.6 மில்லியன் டாலர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024-25 பருவத்தில் அது 140.6 மில்லியன் டாலர். இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டாலே இடையில் எவ்வளவு பணம் இந்த விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தது என்பது புரியும்.

அந்த வரம்பில் ஒரு கதவும் திறந்து வைக்கப்பட்டது. தன்னிடம் ஏற்கெனவே ஆடிவரும் ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் லேரி பேர்ட் பெயராலேயே இன்றும் அந்த விதி அழைக்கப்படுகிறது. இந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பதைக் காட்டியவர் மைக்கேல் ஜோர்டன். 1997-98 பருவத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 26.9 மில்லியன் டாலர். ஜோர்டன் ஒருவருக்கே சிகாகோ புல்ஸ் 33 மில்லியனுக்கு மேல் கொடுத்தது. அந்த ஆண்டு அவர்கள் ஆறாவது கிண்ணத்தை வென்றார்கள். அடுத்த பருவத்துக்குள் ஜோர்டன் ஓய்வு பெற்றார், பயிற்றுநர் ஃபில் ஜேக்சன் விலகினார், ஸ்காட்டி பிப்பன் வேறு அணிக்குப் போனார். அந்தப் பருவத்தில் சிகாகோ 13 ஆட்டங்களில் வென்று 37இல் தோற்றது.

மினசோட்டா கற்ற பாடம்

இன்றைக்காக எல்லாவற்றையும் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ். 1997இல் அந்த அணி 21 வயது கெவின் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. உரிமையாளர் சில ஆண்டுகளுக்கு முன் அணியையே வாங்கிய விலையைவிட அது பெரிய தொகை. மற்ற உரிமையாளர்கள் அரண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் லீக்கையே கதவடைத்தார்கள். 1999 ஜனவரியில்தான் பூட்டுத் திறந்தது. அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்கள் மட்டுமே நடந்தன. தனி ஆட்டக்காரர் ஒருவருக்கும் சம்பள உச்சம் உண்டு என்ற விதி அந்தப் பூட்டுக்குப் பிறகு வந்ததுதான். மொத்தச் சம்பளம் அளவு மீறினால் அணி கட்ட வேண்டிய ஆடம்பர வரியும் அந்த உடன்பாட்டில் பிறந்தது.

கார்னெட் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரர். கொடுத்த பணம் வீண் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவருக்குக் கொடுத்த பிறகு அவருக்குத் துணை தேட இடம் இல்லாமல் போனது. அந்த இக்கட்டில் மினசோட்டா ஒரு குறுக்குவழியைப் பிடித்தது. ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரைக் குறைந்த சம்பளத்தில் சில ஆண்டுகள் ஆடச் சொல்லிவிட்டு, பிறகு பெரிய தொகை தருவதாக இரகசியமாக எழுதிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. 3.5 மில்லியன் டாலர் அபராதம். அதைவிடக் கடுமையான தண்டனை, முதல் சுற்றில் புதுமுக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து ஆண்டு உரிமை பறிபோனது. பின்னர் அவற்றில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1997 முதல் 2003 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வெளியேறிய அணி, கார்னெட் காலத்தில் ஒரே ஒரு முறை, 2004இல், மேற்கு வட்டார இறுதிவரை போனது. அவ்வளவுதான்.

புதுமுகத் தேர்வு உரிமை என்பது இந்த விளையாட்டில் விதைநெல். புதிதாக வரும் இளைஞருக்குச் சில ஆண்டுகள் குறைந்த சம்பளம்தான். அவர் நன்றாக முளைத்துவிட்டால், வரம்புக்குள்ளேயே பெரிய பலம் கிடைக்கும். விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டால் இன்றைய பசி அடங்கும். அடுத்த போகத்துக்கு வயல் வெறுமனே கிடக்கும்.

சேமித்துத் தோற்ற ஓக்லஹோமா

அப்படியானால் சிக்கனமாக இருப்பதுதான் சரியா? இல்லை என்கிறது ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் கதை.

2012இல் அந்த அணி இறுதிச் சுற்றில் மயாமியிடம் தோற்றது. கெவின் டுரான்ட், ரசல் வெஸ்ட்புருக், ஜேம்ஸ் ஹார்டன் ஆகிய மூவருமே 22, 23 வயது இளைஞர்கள். அடுத்த பத்தாண்டும் அவர்களுடையதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 2011 உடன்பாட்டின்படி ஆடம்பர வரி படிப்படியாக ஏறும் வரியாக மாறவிருந்தது. சிறிய நகரத்து அணி. நிர்வாகி சேம் பிரெஸ்டி ஹார்டனுக்கு உச்சத் தொகையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் தர முன்வந்தார். செய்தித்தாள்களில் வந்த கணக்கின்படி நான்கு ஆண்டுகளுக்கு வேறுபாடு சில மில்லியன் டாலர்தான். ஹார்டன் மறுத்தார். 2012 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, அவரை ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள். ஹூஸ்டன் அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 80 மில்லியன் டாலர் கொடுத்தது.

டுரான்ட் 2014இலும், வெஸ்ட்புருக் 2017இலும், ஹார்டன் 2018இலும் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார்கள். மூவரையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த அணிக்கு ஒரு கிண்ணம்கூட வரவில்லை. 2016இல் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து கொட்டியதால் சம்பள வரம்பு 70 மில்லியனிலிருந்து ஒரே மூச்சில் 94 மில்லியனைத் தாண்டியது. அந்தத் திடீர் இடத்தில்தான், அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணியால் டுரான்டையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. வாய்ப்பு வந்தபோது கோல்டன் ஸ்டேட்டின் கையில் இடம் இருந்தது. ஓக்லஹோமா எந்த நாளுக்காகச் சேமித்ததோ அந்த நாள் வந்தபோது அதன் கையில் டுரான்ட் இல்லை.

ஆக, எதிர்காலத்துக்காக விட்டுக்கொடுப்பது என்பது தானாகவே ஓர் அறிவாளித்தனம் ஆகிவிடாது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

2013: மூன்று அணிகள், மூன்று முடிவுகள்

இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய ஆண்டு 2013. பாஸ்டன் செல்டிக்ஸும் லேக்கர்ஸும் பரம எதிரிகள். 1980களில் மட்டும் லேக்கர்ஸ் ஐந்து கிண்ணங்களையும் பாஸ்டன் மூன்றையும் வென்றன. 2008 இறுதியில் பாஸ்டன், 2010 இறுதியில் லேக்கர்ஸ் என்று மறுபடியும் மோதிக்கொண்டார்கள். 2013 வந்தபோது இரண்டு அணிகளின் நாயகர்களும் முதுமையைத் தொட்டுவிட்டார்கள்.

பாஸ்டன் தன் நாயகர்களை விற்றது. 2007இல் ஐந்து ஆட்டக்காரர்களையும் இரண்டு தேர்வு உரிமைகளையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து வாங்கிய அதே கார்னெட்டையும், பதினைந்து ஆண்டுகள் பாஸ்டனிலேயே ஆடிய பால் பியர்ஸையும் புருக்ளின் நெட்ஸ் அணிக்கு அனுப்பினார் நிர்வாகி டானி ஏஞ்ச். பாஸ்டன் இரசிகர்கள் பலர் மனம் உடைந்தார்கள். கைமாறாக வந்தவை 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளுக்கான முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், அவற்றோடு 2017இல் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. எல்லாம் தாளில் எழுதிய வாக்குறுதிகள். இன்னும் பள்ளிப் படிப்பையே முடிக்காத பிள்ளைகளின் மீது கட்டிய நம்பிக்கை.

புருக்ளின் வாங்கியது. அதன் உரிமையாளர் ரஷ்யச் செல்வந்தர் மிக்கைல் புரொகோரோவ். 2010இல் அணியை வாங்கியபோதே ஐந்து ஆண்டுக்குள் கிண்ணம் என்று உறுதி கூறியவர். 2013-14 பருவத்தில் ஆடம்பர வரி மட்டுமே ஏறக்குறைய 90 மில்லியன் டாலர் கட்டினார். கிடைத்தது 44 வெற்றி, 38 தோல்வி, இரண்டாம் சுற்றில் மயாமியிடம் வீழ்ச்சி. அடுத்த கோடையில் பியர்ஸ் போய்விட்டார். அதன் பிறகு சில மாதங்களில் கார்னெட்டும் போனார். 2016-17 பருவத்தில் புருக்ளின் 20 ஆட்டங்களில் மட்டும் வென்று லீக்கில் கடைசி இடத்தில் நின்றது. கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கு ஆறுதலே முதல் தேர்வுதான். அந்த ஆறுதலும் பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

லேக்கர்ஸ் தன் நாயகரை வைத்துக்கொண்டது. 2013 ஏப்ரலில் குதிகால் நரம்பு அறுந்து வீழ்ந்த கோபி பிரயண்டுக்கு, அவர் முழுதாகத் திரும்பி வருமுன்பே, நவம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 48.5 மில்லியன் டாலர் நீட்டிப்பு கொடுத்தது. அதே காலத்தில் சான் அந்தோனியோவில் டிம் டங்கன், 21 மில்லியனாக இருந்த தன் சம்பளத்தைப் பத்து மில்லியன் அளவுக்குக் குறைத்துக்கொண்டு அணிக்கு இடம் கொடுத்திருந்தார். 2014இல் அவர்கள் கிண்ணம் வென்றார்கள். கோபியைப் பலரும் தன்னலக்காரர் என்றார்கள். லேக்கர்ஸ் 2013-14இல் 27, பிறகு 21, பிறகு 17 வெற்றிகள் என்று சரிந்துகொண்டே போனது.

ஆனால் நேயர்களே, கோபியின் பக்கத்தையும் கேட்க வேண்டும். உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமையிலிருந்து அணிக்குப் பில்லியன் கணக்கில் பணம் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பணத்தை ஈட்டித் தந்ததில் கோபிக்குப் பெரும் பங்கு உண்டு. உரிமையாளரின் இலாபத்துக்கு வரம்பு இல்லை; தொழிலாளியின் சம்பளத்துக்கு மட்டும் வரம்பு; அதிலும் குறைத்துக்கொள் என்று தொழிலாளியிடமே கேட்பது எந்த நியாயம்? ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் பதினைந்து ஆண்டு தாண்டினாலே அதிசயம். டங்கனின் பெருந்தன்மையைப் பாராட்டுவோம். அந்தப் பெருந்தன்மையை எல்லாரிடமும் கட்டாயக் கடமையாகக் கேட்க முடியாது.

அறுவடைக் காலம்

விதைத்தவை முளைக்கக் காலம் பிடித்தது. புருக்ளினிடமிருந்து வந்த 2016ஆம் ஆண்டு உரிமையில் பாஸ்டன் ஜேலன் பிரவுனைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் கிடைத்த முதல் இடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்துக்கு இறங்கி, கூடுதலாக ஓர் உரிமையையும் பெற்றுக்கொண்டு ஜேசன் டேட்டமைத் தேர்ந்தெடுத்தது. 2024இல் இந்த இருவரும்தான் டாலஸை வீழ்த்தி பாஸ்டனுக்கு 18ஆவது கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் பிரவுன். 2013இல் எழுதிய தாளுக்கு 2024இல் பணம் கிடைத்தது. இடையில் பதினோர் ஆண்டுகள். அத்தனை ஆண்டும் பொறுத்திருந்தவர்களின் கிண்ணம் அது.

லேக்கர்ஸின் கதை வேறு வழியில் வந்தது. தோற்ற ஆண்டுகளில் அதற்கும் உயர்ந்த தேர்வு இடங்கள் கிடைத்தன. 2016இல் அவசரப்பட்டு திமோஃபி மொஸ்கோவுக்கு நான்கு ஆண்டுக்கு 64 மில்லியன், லுவோல் டெங்குக்கு 72 மில்லியன் என்று கொடுத்தது. ஒரே ஆண்டில் வருந்தியது. 2017இல் மொஸ்கோவின் ஒப்பந்தத்தைக் கைகழுவ, இளம் ஆட்டக்காரர் டி ஆஞ்சலோ ரசலையும் சேர்த்தே புருக்ளினுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. விதைநெல் இல்லாத புருக்ளின், பிறர் சுமையை வாங்கிக்கொண்டு அதற்குக் கூலியாக இளைஞர்களைப் பெற்றுப் பிழைத்தது. சுமையை இறக்கிய லேக்கர்ஸுக்கு இடம் கிடைத்தது. 2018இல் லெப்ரோன் ஜேம்ஸ் அந்த இடத்தில் வந்து சேர்ந்தார். 2019இல் தோல்வி ஆண்டுகளில் தேர்ந்தெடுத்த பிராண்டன் இங்கிராம், லோன்சோ பால் உள்ளிட்ட இளைஞர்களையும் வருங்கால உரிமைகளையும் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கினார்கள். 2020இல் 17ஆவது கிண்ணம். கோபி பிரயண்ட் விபத்தில் மறைந்த அதே ஆண்டு அது.

புருக்ளின் 2019இல் சேமித்த இடத்தில் டுரான்டையும் கைரி இர்விங்கையும் சேர்த்தது. பொறுமைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றார்கள். 2021 ஜனவரியில் ஹார்டனையும் வாங்க மூன்று முதல் சுற்று உரிமைகளையும் நான்கு இடமாற்று உரிமைகளையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. 2023 பிப்ரவரிக்குள் மூவருமே போய்விட்டார்கள். கிண்ணம் வரவில்லை. சுட்ட பிறகும் அதே அடுப்பில் கை வைத்தது புருக்ளின்.

வேலி இன்னும் உயர்ந்தது

2023இல் வந்த புதிய உடன்பாடு இந்த வேலியை இன்னும் உயர்த்தியது. முன்பு வரம்பு தாண்டினால் வரி கட்டினால் போதும். பணக்கார உரிமையாளர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார். இப்போது வரிக் கோட்டுக்கு மேலே இரண்டு தடுப்புக் கோடுகள். 2024-25 பருவத்தில் இரண்டாம் கோடு ஏறக்குறைய 189 மில்லியன் டாலர். அதைத் தாண்டிய அணி, இரண்டு மூன்று ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. ஏழு ஆண்டுக்குப் பிந்திய தேர்வு உரிமையை விற்க முடியாது. அதாவது தண்டனை பணத்திலிருந்து கைகால் கட்டுவதாக மாறிவிட்டது.

அதன் விளைவைப் பாஸ்டன் உடனே கண்டது. கிண்ணம் வென்ற அணியை அப்படியே வைத்திருந்தால் 2025-26இல் சம்பளமும் வரியும் சேர்ந்து அரை பில்லியன் டாலரை எட்டும் என்று கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் டேட்டமுக்கும் குதிகால் நரம்பு அறுந்தது. சில வாரங்களுக்குள் ஜூரு ஹாலிடேயும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸும் வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கிண்ணம் வென்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வென்றிருக்கின்றன. வரம்பு எதற்காக உண்டாக்கப்பட்டதோ அது நடந்தது என்று சிலர் மகிழ்கிறார்கள். நல்ல அணி ஒன்றாக இருந்து முதிர வழியில்லை என்று சிலர் வருந்துகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஓக்லஹோமாவின் சேம் பிரெஸ்டியை மறந்துவிடாதீர்கள். ஹார்டனை இழந்த அதே நிர்வாகி, 2019இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் பெற்றார். அவற்றில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025இல் ஓக்லஹோமா 68 ஆட்டங்களை வென்று, இந்தியானாவை வீழ்த்திக் கிண்ணத்தையும் வென்றது. வென்ற கையோடு, ஜூலையில், அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டுக்கு 285 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. வில்லியம்ஸுக்கும் செட் ஹோம்கிரெனுக்கும் ஐந்தைந்து ஆண்டு ஒப்பந்தங்கள். 2012இல் மூவரை வைத்துக்கொள்ளத் தயங்கிய கை, 2025இல் மூவருக்கும் தாராளமாகவே கையெழுத்திட்டது.

பிரெஸ்டி கற்றது என்ன? சேமிப்பு என்பது ஒரு வழி மட்டுமே. எதற்காகச் சேமித்தோமோ அது கைக்கு வந்தபின்னும் சேமித்துக்கொண்டே இருப்பது கஞ்சத்தனம். அது வராத முன்பே வந்துவிட்டது போலச் செலவழிப்பது புருக்ளினின் அவசரம். இந்த இரண்டுக்கும் நடுவில் காலத்தை அறிந்து நடப்பதுதான் நிர்வாகம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்குகளையெல்லாம் போடுபவர்கள் மேல்மாடியில் இருப்பவர்கள். எதிர்காலத்துக்காக என்று சொல்லி ஐந்தாண்டு தோற்கும் அணிக்கும் இரசிகர் முழு விலை கொடுத்துத்தான் நுழைவுச்சீட்டு வாங்குகிறார். பாஸ்டனில் 2013இல் கண்ணீர் விட்ட முதியவர்கள் எல்லாரும் 2024ஐப் பார்க்க இருந்திருக்க மாட்டார்கள். நாளைக்காக என்று யாராவது நம்மிடம் பொறுமை கேட்டால், நாம் ஒரு கேள்வி கேட்கலாம்: அந்த நாளை எப்போது வரும், வரும்போது அதைச் செலவழிக்க உங்களுக்கு மனம் இருக்குமா? விளையாட்டரங்கில் மட்டுமல்ல, வீட்டிலும் நாட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.